பாய்ந்தவர்களும் ஓடிப்போனவர்களும்

லீப் வருஷத்தில் தாவுவது எது? பிப்ரவரிக்கு ஒரு நாள் கூடுகிறது, சரி. ஆனால் கூடுவது எப்படித் தாவுவது ஆகும்? புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் வருவதே இல்லை. நான்கால் வகுபட வேண்டும், நூறால் வகுபடக் கூடாது, நானூறால் வகுபட்டால் பரவாயில்லை என்று மூன்று நிபந்தனைகளைத் தட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

தாவுவது பிப்ரவரி 29 அல்ல, மற்ற தேதிகள். 365 நாளை ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. அதனால் சாதாரண வருஷத்தில் ஒரு தேதி கிழமையில் ஒரு படி நகரும். 2022-ல் கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை; 2023-ல் திங்கள்; 2024-ல் செவ்வாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நடுவில் பிப்ரவரி 29 புகுந்துவிட்டதால் செவ்வாயைத் தாண்டிப் புதன்கிழமையில் போய் விழுந்தது. திருநாட்களை வைத்தே வருஷத்தை அளந்த இடைக்கால ஐரோப்பியனுக்கு இந்தத் தாண்டல்தான் கண்ணில் பட்டது. பழைய நார்ஸ் மொழியிலும் இதற்கு ஹ்லாப்-ஆர், அதாவது 'தாவல் ஆண்டு' என்றே பெயர். லீப் செகண்ட் என்பது 1972-ல் வந்த புதுப்பழக்கம். அதில் எதுவுமே தாவுவதில்லை. கடிகாரம் 23:59:60 என்று ஒரு விநாடி பூமிக்காகக் காத்து நிற்கிறது, அவ்வளவுதான். 2035-க்குள் அந்த வழக்கத்தைக் கைவிட 2022-ல் முடிவெடுத்துவிட்டார்கள். கணினிக்காரர்கள் யாரும் அதற்காக அழப் போவதில்லை.

லீப் என்ற சொல்லின் பழைய ஆங்கில வடிவம் ஹ்லேயாபன். முன்னால் இருந்த அந்த ஹகரம் பிறகு தேய்ந்து போயிற்று. ஹ்லாஃப் என்பது லோஃப் ஆனதும் ஹ்லூத் என்பது லவுட் ஆனதும் இதே வழியில்தான். இந்தச் சொல்லுக்கு ஜெர்மானிய மொழிகள் எங்கும் அண்ணன் தம்பிகள் உண்டு. ஜெர்மனில் லௌஃபன், டச்சில் லோப்பன், ஸ்வீடிஷில் லோப்பா, ஐஸ்லாந்தில் ஹ்லாப்பா. ஆனால் இவர்களில் யாரும் குதிப்பதில்லை. ஜெர்மன்காரர் ஓடுகிறார், ஸ்வீடன்காரரும் ஐஸ்லாந்துக்காரரும் ஓடுகிறார்கள். டச்சுக்காரர் இன்னும் நிதானம், நடக்கிறார். ஜெர்மனில் கணினியின் டிஸ்க் டிரைவுக்கு லௌஃப்வெர்க் என்று பெயர், ஓடும் பொறி. ஆங்கிலேயரின் லீப் ஜெர்மன் கணினிகளில் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ஓடுதல், தாவுதல் இரண்டு பொருளும் இருந்தன. ஓட்டத்தை ரன் என்ற சொல் வாங்கிக்கொள்ள, லீப்பிடம் தாவல் மட்டும் மிஞ்சியது. 16-ஆம் நூற்றாண்டில் ஜம்ப் என்ற புதுச்சொல் எங்கிருந்தோ வந்து குதித்தது. தெருவில் புழங்கும் குதியலையெல்லாம் அது எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த கொஞ்சம் கௌரவமான வேலைகளுக்கு லீப் ஒதுங்கியது. 1969-ல் நிலவில் கால் வைத்த ஆம்ஸ்ட்ராங் ஜம்ப் என்று சொல்லாமல் லீப் என்றார். ஜம்ப் என்று சொல்லியிருந்தால் யாருக்கும் புல்லரித்திருக்காது.

தமிழில் இதற்குப் பக்கத்தில் நிற்கிற சொல் எது என்று கேட்டால் குதி, தாவு, துள்ளு இவற்றையெல்லாம் விட்டுவிட்டு நான் 'பாய்' என்பேன். புலி பாய்கிறது, ஆறும் பாய்கிறது. ஒன்று தாவல், மற்றது ஓட்டம். நமக்கு இரண்டும் ஒரே வினை. குதிரையின் உச்ச வேகத்தை நாலுகால் பாய்ச்சல் என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்குப் பெயரான கேலப்பும் ஹ்லேயாபன் வீட்டுப் பிள்ளைதான். பிரெஞ்சு வழியாக வந்தது; மூலத்தில் 'நன்றாகப் பாய்' என்று பொருள் சொல்கிறார்கள். ஐஸ்லாந்தில் பனியாற்றுக்கு அடியில் எரிமலை வெடித்தால், உருகிய நீர் தேங்கித் தேங்கி ஒருநாள் பனியை உடைத்துக்கொண்டு வெளியேறும். அதை யோகுல்-ஹ்லாப் என்கிறார்கள், பனியாற்றுப் பாய்ச்சல். 1996 நவம்பரில் கிரிம்ஸ்வோட்ன் ஏரியிலிருந்து அப்படி ஒன்று கிளம்பியது. உச்சத்தில் விநாடிக்குச் சுமார் 50,000 கனமீட்டர் நீர் வந்து, கடலோர நெடுஞ்சாலையின் பாலங்களை அடித்துக்கொண்டு போனது. உலகெங்கும் நிலவியலாளர்கள் இந்த நிகழ்வுக்கு இன்றைக்கும் இந்த ஐஸ்லாந்துச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள்.

வைக்கிங்குகள் போன இடத்திலெல்லாம் இந்தச் சொல்லைப் போட்டுவிட்டு வந்தார்கள். டப்ளினுக்குப் பக்கத்தில் லீக்ஸ்லிப் என்று ஓர் ஊர். நார்ஸ் மொழியில் லாக்ஸ்-ஹ்லாப், சால்மன் மீன் தாவும் இடம். லிஃபி ஆற்றின் அருவியில் மீன்கள் எதிர்நீச்சலில் எம்பி ஏறியதைப் பார்த்து வைத்த பெயர். 1940-களில் மின்சாரத்துக்காக அணை கட்டியபோது அருவி நீருக்குள் போய்விட்டது. பெயர் மட்டும் கரையில் நிற்கிறது. இன்று அந்த ஊர் அறியப்படுவது இன்டெல் தொழிற்சாலையால். சில்லுகளில் சில மீன் தாவிய ஊரிலிருந்து வருகின்றன.

லாப்விங் பறவையையும் சொல்லாமல் போக மனமில்லை. இறக்கையைக் குறிக்கும் விங் அதன் பெயரில் இருப்பது பிற்காலத் திரிபு. பழைய பெயர் ஹ்லேயாபெவிங்கெ; பாய்ந்தும் தள்ளாடியும் பறப்பது என்பது போல ஒரு பொருள். அர்த்தம் மறந்துபோன சனங்கள், பறவைதானே, இறக்கை இருக்கத்தானே செய்யும் என்று மாற்றிக்கொண்டார்கள். அந்தக் குடும்பத்துப் பறவையை நாம் ஆள்காட்டி என்கிறோம். அவர்கள் அது பறக்கும் விதத்தைப் பார்த்தார்கள். நாம் அது யாரைக் காட்டிக்கொடுக்கிறது என்று பார்த்தோம்.

இதுவரை பார்த்தவையெல்லாம் விலங்கு, பறவை, வெள்ளம். சொல்லின் வாழ்க்கை சிக்கலாவது அது மனிதர்கள் மேல் ஒட்டும்போதுதான். 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து லாண்ட்லோப்பர் என்ற சொல்லை வாங்கினார்கள். நாடோடி, ஊர்சுற்றி என்று அர்த்தம். அதன் பின்பாதியை வெட்டி, முன்னால் லத்தீன் 'இன்டர்' ஒன்றை ஒட்டினார்கள். இன்டர்லோப்பர். நடுவில் ஓடிவந்து புகுகிறவன். இன்று அழையாத விருந்தாளியைக்கூட இப்படிச் சொல்லலாம். பிறந்தபோது இது சுத்தமான வணிகச்சொல். 1590-களில் ரஷ்ய வணிகத்தில் தனியுரிமை பெற்றிருந்த லண்டன் கம்பெனி, தன் எல்லைக்குள் அனுமதியின்றி வியாபாரம் செய்தவர்களை இப்படி அழைத்தது. அடுத்த நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இது அன்றாட வசைச்சொல்லே ஆகிவிட்டது.

1600 டிசம்பர் 31-ல் எலிசபெத் ராணி கொடுத்த சாசனத்தின்படி, நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே வேறு எந்த ஆங்கிலேயனும் வியாபாரம் செய்யக் கூடாது. மீறினால் கப்பலும் சரக்கும் பறிமுதல். அதில் பாதி அரசுக்கு, பாதி கம்பெனிக்கு. கவனிக்க வேண்டிய சங்கதி, இந்தச் சாசனத்தில் கிழக்கில் இருந்த எந்த அரசனும் கையெழுத்திடவில்லை. சோழமண்டலக் கரையில் நெசவாளி யாருக்குத் துணி விற்கலாம் என்று லண்டனில் தீர்மானித்தார்கள். அவனைப் பொறுத்தவரை கம்பெனியும் கம்பெனிக்கு வெளியே வந்தவனும் ஒரே மாதிரி கப்பலில் வந்த ஒரே மாதிரி ஆசாமிகள்தான். இரண்டு பேர் போட்டி போட்டால் விலை ஏறும். கம்பெனியின் புகார்களில் ஒன்று துல்லியமாக அதுதான்: இந்த இன்டர்லோப்பர்கள் வந்து கொள்முதல் விலையை ஏற்றிவிடுகிறார்கள்!

இவர்களில் பெரிய புள்ளி தாமஸ் பிட். 1653-ல் டார்செட்டில் பிறந்தவர். 1674-ல் வங்கக் கடற்கரையில் பாலசோர் வந்து சேர்ந்தார். கம்பெனியை ஒதுக்கிவிட்டுத் தானாக வியாபாரத்தைத் தொடங்கினார். கம்பெனி உத்தரவுமேல் உத்தரவு போட்டது, அவர் கேட்கவில்லை. அதற்குள் கம்பெனியின் வங்கத் தலைவர் மத்தயஸ் வின்சென்ட்டின் உறவுக்காரப் பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டார். வின்சென்ட்டை மாற்றிவிட்டு வில்லியம் ஹெட்ஜஸ் என்பவரை அனுப்பி பிட்டைப் பிடிக்கச் சொன்னார்கள். ஹெட்ஜஸ் வருவதற்குள் பிட் தன் கப்பலில் வந்து இறங்கியாயிற்று. அதுவும் இருட்டில் பதுங்கி அல்ல. சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள், எக்காளம் சகிதம். புதுக் கம்பெனி ஒன்று வந்துவிட்டது, பழையது ஒழிந்தது என்று உள்ளூர் அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். ஹெட்ஜஸின் நாட்குறிப்பைப் பிற்காலத்தில் பதிப்பித்தவர், ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைத் தொகுத்த ஹென்றி யூல். நாட்குறிப்பு ஹெட்ஜஸுடையது, ஆனால் பதிப்பின் மூன்றாம் தொகுதியில் பெரும்பகுதியை பிட் பிடித்துக்கொண்டார். அங்கேயும் இன்டர்லோப்பர்தான்.

இங்கிலாந்து திரும்பியதும் வழக்கு. 1,000 பவுண்ட் அபராதம் விதித்து, பிறகு 400 ஆகக் குறைத்தார்கள். சம்பாதித்திருந்த மனிதருக்கு அது காலணா. நிலம் வாங்கினார். பார்லிமென்டில் நுழைந்தார். ஓல்டு சாரம் என்ற தொகுதியை, அதாவது கிட்டத்தட்ட ஆளே வசிக்காத, ஆனால் இரண்டு எம்.பி.க்களை அனுப்பும் உரிமையுள்ள ஒரு மேட்டை, விலைக்கே வாங்கினார். 1693-ல் மறுபடியும் வங்கத்துக்குக் கப்பல் விட்டார். கடைசியில் கம்பெனி சலித்துப்போய், பிடிக்க முடியாதவனுக்கு வேலை கொடுப்பதே உத்தமம் என்று முடிவு செய்தது. 1698 ஜூலையில் தாமஸ் பிட் சென்னைக்கு வந்து இறங்கினார். புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக.

அதே 1698-ல் இங்கிலாந்தில் பார்லிமென்ட் ஆதரவோடு போட்டிக் கம்பெனி ஒன்று நிஜமாகவே தொடங்கியது. முன்பு பிட் வங்கத்தில் விட்ட புருடா பலித்துவிட்டது. அதன் பிரதிநிதியாக மசூலிப்பட்டினம் வந்தவர் அவருடைய உறவினரான ஜான் பிட். பழைய கம்பெனியின் உரிமைக்காகத் தாமஸ் பிட் அவரோடு மல்லுக்கு நின்றதைப் பார்த்தால், மனிதர் பிறந்ததே தனியுரிமைக்காகத்தான் என்று நினைக்கத் தோன்றும். வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் விஷயம்.

கவர்னராக இருந்துகொண்டே சொந்த வியாபாரத்தையும் விடவில்லை. ஜாம்சந்த் என்ற வைர வியாபாரியிடம் 410 காரட் பட்டை தீட்டாத கல் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். 1702-ல் மகன் ராபர்ட் அதை லண்டனுக்குக் கொண்டு போனான். 1717-ல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஓர்லியன்ஸ் கோமகனுக்கு அது விற்கப்பட்டது. இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் 'ரீஜென்ட்' வைரமாக இருக்கிறது. ராபர்ட்டின் மகன் வில்லியம் பிட் 1735-ல் அதே ஓல்டு சாரத்திலிருந்து பார்லிமென்ட் போனார், பின்னால் பிரதமரானார். அவர் மகனும் பிரதமர். அந்தச் சின்ன பிட் 1784-ல் கொண்டுவந்த இந்தியச் சட்டம்தான் கம்பெனியை அரசின் கண்காணிப்புக்குக் கீழே கொண்டுவந்தது. கம்பெனிக்குக் கட்டுப்படாதவரின் கொள்ளுப்பேரன் கம்பெனியைக் கட்டிப்போட்டான். இந்த வம்சத்தை அப்போது யாரும் இன்டர்லோப்பர் என்று சொல்லவில்லை.

பிட்டிடம் பணமும் கப்பலும் இருந்தன, அதனால் பெயரை உதிர்க்க முடிந்தது. ஓட்டத்திலிருந்து பிறந்த இன்னொரு சொல் பெண்கள் மேல் விழுந்தது. அவர்களால் அவ்வளவு சுலபமாக உதிர்க்க முடியவில்லை. இலோப். இன்று காதலர்கள் வீட்டுக்குத் தெரியாமல் போய்க் கல்யாணம் செய்துகொள்வது. பெரும்பாலான அகராதிகள் இதையும் லோப்பன் குடும்பத்தோடு சேர்க்கின்றன. ஆங்கிலேய நீதிமன்றங்களில் புழங்கிய பிரெஞ்சில் இது அலோப்பர் என்று இருந்தது. அப்போது காதலர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புருஷனை விட்டுப் போன மனைவியைச் சொல்லும் சட்டச்சொல் அது.

அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை விதவை தன் ஆயுள்வரை அனுபவிக்கலாம். 1285-ல் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அதற்கு ஒரு விலக்கு வைத்தது. மனைவி தன் விருப்பப்படி கணவனை விட்டுப் போய் இன்னொருவனோடு வாழ்ந்தால், கணவன் மன்னித்து ஏற்றுக்கொள்ளாத வரை, அந்தப் பங்கு கிடையாது. பிற்காலச் சட்ட நூல்களில் இதற்குப் பெயர் இலோப்மென்ட்.

இந்தச் சட்டத்தின் கீழ் வந்த மார்கரெட்டின் வழக்கு நன்கு அறியப்பட்டது. அவள் கணவன் ஜான் டி காமொய்ஸ், வில்லியம் பேனல் என்ற இன்னொரு பிரபுவுக்கு அவளை எழுதிக் கொடுத்தான். நிலத்தை எழுதிக் கொடுப்பதுபோல, முத்திரை வைத்த பத்திரத்தில், அவளுடைய சொத்துக்களோடு சேர்த்து. காமொய்ஸ் இறந்தபின் மார்கரெட்டும் பேனலும் கல்யாணம் செய்துகொண்டார்கள். விதவைப் பங்கைக் கேட்டார்கள். பத்திரத்தைக் காட்டினார்கள். கள்ளத்தொடர்புக் குற்றச்சாட்டிலிருந்து திருச்சபை நீதிமன்றம் தங்களை விடுவித்ததையும் காட்டினார்கள். 1302-ல் பதில் வந்தது: பங்கு இல்லை. அவள் தன் விருப்பப்படி போய் இன்னொருவனோடு இருந்தாள். எழுதிக் கொடுத்தவன் கணவன், எழுதி வாங்கியவன் பிரபு. ஓடிப்போனவள் மட்டும் மார்கரெட். அவளுக்கு அந்த ஏற்பாட்டில் விருப்பம் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை யாரும் அவளிடம் கேட்டு எழுதி வைக்கவில்லை.

நானூற்றைம்பது வருஷம் கழித்து, 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் காலனிப் பத்திரிகைகளில் இந்தச் சொல் அடிக்கடி கண்ணில் படும். கணவர்கள் கொடுத்த அறிவிப்புகள். என் மனைவி என் படுக்கையையும் உணவு மேசையையும் விட்டு இலோப் ஆகிவிட்டாள், அவளுக்கு யாரும் கடன் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் நான் பொறுப்பல்ல. இதற்குக் காதலன் யாரும் இருக்க வேண்டியதில்லை. அடி தாங்காமல் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாலும் அது இலோப்தான். மனைவியின் கடன் சட்டப்படி கணவனின் தலையில் விழும் என்பதால் வந்த விளம்பரம் இது. அதே பக்கங்களில் தப்பியோடிய அடிமைகளையும் ஒப்பந்த வேலைக்காரர்களையும் பற்றிய விளம்பரங்கள், அடையாளங்களோடும் சன்மானத் தொகையோடும் இருக்கும். சில மனைவிகள் பதிலுக்குத் தாங்களும் காசு கொடுத்து விளம்பரம் போட்டார்கள். ஓடவில்லை, துரத்தப்பட்டேன், படுக்கையும் மேசையும் நான் கொண்டுவந்தவை என்கிற ரீதியில். அந்தச் சொல்லுக்கு எதிராக அவர்கள் குரல் பதிவான மிகச் சில இடங்களில் இது ஒன்று.

காதலர் கதையாக இது மாறியதில் இன்னொரு சட்டத்துக்குப் பங்கு உண்டு. 1754 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம், இங்கிலாந்தில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் லைசென்ஸ் வாங்கிக் கல்யாணம் செய்யப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றது. ஸ்காட்லாந்துக்கு இது பொருந்தாது. எல்லையைத் தாண்டியதும் வருகிற கிரெட்னா கிரீன் கிராமத்துக்கு ஜோடிகள் குதிரை வண்டியில் நாலுகால் பாய்ச்சலில் போனார்கள். அங்கே சாட்சிகள் முன் சம்மதம் சொன்னால் போதும். ஓட்டத்துக்கு ஒரு கிளுகிளுப்பு வந்து சேர்ந்தது. நாவல்காரர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

நம்மிடம் இதற்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. தெருவில் 'ஓடிப்போயிட்டா' என்போம். சேர்த்தே 'ஓடுகாலி' என்ற வசையும் வரும், அதுவும் பெரும்பாலும் பெண்ணுக்கு. ஆங்கிலேயரைப் போலவே நாமும் கால் மேல்தான் கண் வைக்கிறோம். ஆனால் சங்க அகப்பாட்டின் மரபு இதற்கு வைத்த பெயர் உடன்போக்கு. சேர்ந்து போவது. இதில் ஓட்டமே இல்லை. வாசலில் நின்று கத்துகிறவர்கள் வைத்த பெயர் ஒன்று, வழியில் போகிறவர்களின் பக்கம் நின்று வைத்த பெயர் மற்றொன்று. ஆங்கிலத்தில் இரண்டாவது வகைச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். எனக்கு எதுவும் அகப்படவில்லை.

அமெரிக்க மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இலோப்மென்ட் என்ற சொல் இன்றும் பழைய பொருளில், காதல் கலக்காமல், புழக்கத்தில் இருக்கிறது. நினைவு மங்கிய முதியவர் ஒருவர் யாருக்கும் தெரியாமல் கட்டிடத்தை விட்டு வெளியேறினால், சம்பவ அறிக்கையில் அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறார்கள். யார் அப்படிப் போகக்கூடும் என்று முன்கூட்டியே மதிப்பிடப் படிவங்கள் இருக்கின்றன. கையில் கட்டும் பட்டை இருக்கிறது. கதவருகே போனால் மணி அடிக்கும். சில இடங்களில் கதவு கதவாகத் தெரியாமலிருக்க அதன்மேல் புத்தக அலமாரியை வரைந்துவிடுகிறார்கள். அந்த வேலை செய்கிறவர்கள் சொல்வது: தடுத்து நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் வருகிற பதில் "வீட்டுக்கு".